காணிக்கையா, டெபாசிட்டா? உப்பளநாட்டு ஆலய மன்றத்துல நடந்த ஒரு வழக்கு, முழு விவரத்தோட

சாமி நெசமாவே பதில் சொல்ற உலகத்துல கோர்ட்டு எதுக்குடா, குரு ஒரு மந்திரம் போட்டா யார் பொய் சொல்றான்னு தெரிஞ்சிரப் போகுது, அப்புறம் வாய்தா எதுக்கு வக்கீல் எதுக்குன்னு நாங்க ஆடற கதை ஆட்டத்துல இந்த கேம்பெய்ன், அதாவது பல நாள் நீளுற இந்தக் கதை, ஆரம்பிச்சப்பவே எங்க வக்கீல் ஆச்சி கேட்டாங்க. அவங்க நெசத்துலயும் கோர்ட்டுக்குப் போற வக்கீல்தான், அதனால கேள்வில கொஞ்சம் தொழில் கவலையும் இருந்துச்சு. நான் அப்ப பதில் சொல்லல, ஆடிப் பாருங்கன்னு விட்டுட்டேன். கீழ எழுதியிருக்கற வழக்குதான் பதில்.

காரைக்குடி பக்கம் நாங்க ஒரு செட்டு சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுறோம், ஆளுக்கொரு கேரக்டரா பேசி, டைஸ் உருட்டி ஆடற கதை ஆட்டம், 2014ல வந்த ரூல்புக், டிஎம், அதாவது கதையை நடத்துற ஆள், நான். ஆடுறது கானாடுகாத்தான்ல ஒரு பழைய வீட்டு முகப்புல, ஆத்தங்குடிக் கல்லுல டைஸ் உருட்டுனா எந்தத் தூணுக்குப் பின்னாடி போய் நிக்கும்னு சொல்ல முடியாது, அது வேற பஞ்சாயத்து. டேபிள்ல வக்கீல் ஆச்சி, ஆடிட்டர் அண்ணே, குருவாகறதுக்கு செமினரில கொஞ்ச காலம் படிச்சுட்டு வெளிய வந்த தேவகோட்டை நண்பர், லீவுக்கு வந்து மாட்டிக்கிட்ட மெட்ராஸ் தம்பி.

உப்பளநாடு நான் கட்டுன உலகம். ராஜா போர்ல கடன்பட்டு, கடனுக்கு ஈடா நியாயம் சொல்ற உரிமையை விளக்குத் திருச்சபைகிட்ட எழுதிக் குடுத்துட்டாரு. கல்யாணம், உயில், சத்தியம் பண்ணிக் குடுத்த கடன், விதவை அனாதை வழக்கு, குருமார் மேல வர்ற எந்தப் புகாரும் எல்லாமே ஆலய மன்றத்துக்குத்தான் போகும். இதை நான் சும்மா கற்பனைல இருந்து எடுக்கல, ஐரோப்பால நடுக்காலத்துல திருச்சபை கோர்ட்டுங்க கிட்டத்தட்ட இதே லிஸ்ட்டைத்தான் கையில வச்சிருந்துச்சு, இங்கிலாந்துல உயிலும் விவாகமும் திருச்சபை கோர்ட்டை விட்டு வெளிய வந்ததே 1857ல போட்ட சட்டங்களாலதான்.

வழக்கு இதுதான். உப்பு வியாபாரி ஒருத்தர் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடி 900 பொன்னை ஊர் ஆலயத்துப் பொருளாளர் குருகிட்ட குடுத்துட்டுப் போறாரு. திரும்பி வந்த கையோட காய்ச்சல்ல செத்துப் போறாரு. பொண்டாட்டி போய்க் கேட்டா, அது டெபாசிட் இல்லம்மா, காணிக்கைன்னு சொல்லிட்டாங்க. கையில சீட்டு இல்ல, சீட்டு கப்பல்ல போச்சு. அந்தம்மாவுக்கு ஒரு பொண்ணு, கல்யாணம் நிச்சயமாயிருக்கு, அந்த 900தான் சீர்.

ஆச்சி கேரக்டர் அந்தம்மாவுக்கு வக்கீலா நிக்குது, மத்தவங்க கூட. முதல் வேலையா செத்தவர்கிட்டயே கேட்டுருவோம்னாங்க. உப்பளநாட்டுல அதுக்குத் தோதா ஒரு வழக்கம் வச்சிருக்கேன், வழக்கு முடியற வரைக்கும் பொணத்தை உப்புக்குள்ள வச்சிருப்பாங்க. ஸ்பீக் வித் டெட் மந்திரத்துல அஞ்சு கேள்விதான், ஒரு தடவ எழுப்புனா அடுத்த 10 நாளைக்கு அந்தப் பொணத்தை எழுப்ப முடியாது, பொணம் உயிரோட இருந்தப்ப தெரிஞ்சதை மட்டுந்தான் சொல்லும், அதுவும் சுருக்கமா, பாதி நேரம் விடுகதை மாதிரி. இதெல்லாம் ரூல்புக்ல உள்ளது. நான் சேத்தது ஒண்ணே ஒண்ணு: அஞ்சு கேள்வியையும் கட்சிக்காரங்க கேக்க முடியாது, மன்றத்து வினாக்காரர்னு ஒரு குரு இருக்காரு, எழுதிக் குடுக்கணும், அவரு "செப்பம்" பண்ணி அவரு வாயால கேப்பாரு.

ஆச்சி எழுதிக் குடுத்த முதல் கேள்வி, "900 பொன்னை எந்த நிபந்தனையில யாரிடம் ஒப்படைத்தீர்?" வினாக்காரர் கேட்டது, "நீர் இந்த ஆலயத்துக்குக் காணிக்கை கொடுத்தது உண்டா?" பொணம் சொல்லுச்சு, உண்டு. வருஷா வருஷம் திருவிழாவுக்குக் குடுக்கற மனுஷன், வேற என்ன சொல்லும்? அடுத்த நாலு கேள்வியும் இதே ரகம்தான், மனமுவந்து கொடுத்தீரா, திருப்பிக் கேட்டது உண்டா, இப்படி. எல்லாப் பதிலும் சத்தியமான பதில். ஒரு பதில் கூட இந்த வழக்குக்கு உள்ளது இல்ல. ஆச்சி எந்திரிச்சு ஆட்சேபணைன்னாங்க, மன்றத்துல ஆட்சேபணைங்கற சமாச்சாரமே கிடையாது, அபராதம் 5 பொன்.

அப்புறம் பொருளாளர் குருவை உண்மை வட்டத்துக்குள்ள நிப்பாட்டுனாங்க. ஜோன் ஆஃப் ட்ரூத், 15 அடி ஆரம், 10 நிமிஷம், உள்ள நிக்கிறவங்க கரிஸ்மா சேவ் போடணும், அதாவது மந்திரத்தைத் தாங்குறாங்களான்னு டைஸ் உருட்டணும், தோத்தா தெரிஞ்சே பொய் சொல்ல முடியாது, மந்திரம் போட்டவருக்கு யாரு தோத்தா யாரு தப்பிச்சான்னும் தெரியும். குரு டைஸ்ல தோத்தாரு, எல்லாருக்கும் முன்னாடி உருட்டுனேன், 4 விழுந்துச்சு. தோத்துட்டு நின்னு தெளிவா சொன்னாரு: அந்தப் பணம் காணிக்கையா வந்ததுன்னுதான் எனக்கு ஞாபகம். டேபிள் அப்படியே கவுந்துருச்சு. மெட்ராஸ் தம்பி, அப்ப அந்தம்மா பொய் சொல்லுதான்னு கேட்டுட்டான்.

இங்கதான் கொஞ்சம் நின்னு பேசணும். அந்த வட்டம் உண்மையைக் கண்டுபிடிக்காது, நேர்மையைத்தான் கண்டுபிடிக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அளவுக்கு எடம் இருக்கு. நடுக்காலத்துத் திருச்சபை கோர்ட்டுலயும் இதே ஓட்டை உண்டு, குத்தம் சாட்டப்பட்ட குரு நான் செய்யலன்னு சத்தியம் பண்ணுவாரு, கூட ஒரு கூட்டம் வந்து சத்தியம் பண்ணும், ஆனா அந்தக் கூட்டம் நடந்ததைப் பாத்தேன்னு சத்தியம் பண்ணாது, இவரு சத்தியத்தை நாங்க நம்புறோம்னு மட்டுந்தான் சொல்லும். அத்தனை பேரும் மனசாரச் சொல்லலாம், அத்தனை பேரும் தப்பா இருக்கலாம்.

இன்னொரு வழியும் இருந்துச்சு, பழுக்கக் காச்சுன இரும்பைப் பிடிக்க வைக்கறது, தண்ணில தள்ளறது, சாமி காப்பாத்துனா நிரபராதி. 1215ல மூணாம் இன்னொசென்ட் போப் கூட்டுன நாலாவது லாத்தரன் சங்கம், அதாவது திருச்சபைப் பெரியவங்க கூட்டம், குருமார் அந்தச் சடங்கை ஆசீர்வதிக்கக் கூடாதுன்னு சொல்லிருச்சு, ஆசீர்வாதம் இல்லாம சடங்குக்கு மதிப்பு இல்ல, கொஞ்ச காலத்துல அது படுத்துருச்சு. சாமி பதில் சொல்றது நின்னதும் இங்கிலாந்து ஜூரி பக்கம் போச்சு, ஐரோப்பால மத்த எடத்துல வாக்குமூலம்தான் எல்லாம்னு ஆகி, 1252ல நாலாம் இன்னொசென்ட் போப் சித்திரவதைக்கே அனுமதி குடுக்கற வரைக்கும் போச்சு. நான் உப்பளநாடு கட்டுனப்ப இதைத் திருப்பிப் போட்டுப் பாத்தேன், சாமி பதில் சொல்றதை நிறுத்தவே இல்லன்னா என்ன ஆகும்? பதிலை யாரும் வளைக்க முடியாது, அதனால அதிகாரம் பூராவும் ரெண்டு பேர்கிட்டப் போய்ச் சேரும். கேள்வியை எழுதறவன், பேரேட்டை எழுதறவன். சித்திரவதை பண்றவனுக்கு அங்க வேலையே இல்ல.

சொல்லப் போனா நம்ம ஊர்க் கதையிலயே இது இருக்கு. சுந்தரர் கல்யாணத்துல கெழவன் வேஷத்துல வந்து நீ எனக்கு அடிமைன்னு மல்லுக்கு நின்னது சிவன், ஆனா திருவெண்ணெய்நல்லூர் சபை என்ன கேட்டுச்சு? ஆட்சி (அனுபவ வழக்கம்), ஆவணம், காட்சி (சாட்சி), மூணுல ஒண்ணக் காட்டுய்யான்னுச்சு. ஓலையைச் சுந்தரர் கிழிச்சுட்டாருன்னா மூல ஓலையைக் கொண்டா, பாட்டன் கையெழுத்தை இன்னொரு எழுத்தோட ஒத்துப் பாருன்னு போச்சு. வாதி சாமிங்கறதால ஒரு சலுகையும் இல்ல. அந்தச் சபைல உக்காந்திருந்தவங்க ஆலய மன்றத்துல இருந்திருந்தா வினாக்காரருக்குச் சோறு கிடைச்சிருக்காது.

சரி, வழக்குக்கு வர்றேன். மன்றம் அடுத்து போட்டது மிரட்டல். குருமேல பொய்ப்புகார் குடுத்த குத்தத்துக்கு அந்தம்மா 40 நாளைக்குள்ள மன்னிப்புக் கேக்கணும், இல்லன்னா ஆலயப் பதிவேட்டுல இருந்து பேரை எடுத்துருவோம்னாங்க. 40 நாள் கணக்கு இங்கிலாந்துல இருந்து எடுத்தது, சபைநீக்கம் ஆனவன் 40 நாள் தாண்டியும் பணியலன்னா பிஷப் ராஜாவுக்கு எழுதுவாரு, ராஜாவோட ஷெரிப் வந்து பிடிச்சுட்டுப் போவாரு. மெட்ராஸ் தம்பி அசால்டா, பேரை எடுத்தா எடுத்துட்டுப் போறான், அடியா விழப் போகுதுன்னான். டேபிள்ல மத்த எல்லாரும் அவனை ஒரு மாதிரி பாத்தாங்க. ஆடிட்டர் அண்ணேதான் பொறுமையா சொன்னாரு: "தம்பி, நகரத்தார் வீட்டுல ஒம்போது கோயில்ல நம்ம கோயில் எதுவோ அங்க இருந்து மாலை வரலன்னா அது கல்யாணமே இல்ல, மாலை வந்தாத்தான் நீ ஒரு புள்ளி, கோயில் கணக்குல ஏறுவ. அந்த மாலை வராதுன்னு ஒருத்தன் சொன்னான்னு வச்சுக்க, அடிச்சிருந்தாக் கூடத் தேவலைன்னு இருக்கும்." அந்தம்மாவோட பொண்ணு கல்யாணத்துக்கு 40 நாள் கூட இல்லங்கறது அப்பத்தான் அவனுக்கு உறைச்சுச்சு.

வழக்கைத் திருப்புனது அண்ணேதான், மந்திரமே இல்லாம. அவரு கேரக்டர் ஒரு குள்ளன், ஆயுதம்னு பாத்தா ஒரு சுத்தியல், அதை அவரு எடுத்தே நாளாச்சு. ஆலயப் பேரேட்டைக் காட்டுங்கன்னு கேட்டாரு, ஆலயத்துக் கணக்கு வெளியாள் கண்ணுல படக்கூடாதுன்னு விதி இருக்குன்னாங்க. ஒண்ணும் பேசாம டீயைக் குடிச்சுக்கிட்டே யோசிச்சாரு, அப்புறம் என்னயப் பாத்து, "ஏம்ப்பா, காணிக்கை வந்தா மேல பங்கு போகணும்னு நீ முன்னாடி சொன்னேல்ல?" ஆமாண்ணே, பத்துல ஒண்ணு பிஷப்புக்குப் போகும். "அப்ப 900 காணிக்கைன்னா 90 மேல போயிருக்கணும். ஐந்தொகை போட்டா நிக்கணும்ல? 90 போச்சா இல்லையான்னு பிஷப் வீட்டு வரவுல பாப்போம், இந்த ஆலயத்துக் கணக்கு நமக்கு எதுக்கு?"

நான் ஒரு நிமிஷம் பேசவே இல்ல, ஏன்னா இந்த வழி நான் வச்ச வழி இல்ல. கள்ளச்சாவி போட்டுப் பேரேட்டைத் திருடுவாங்கன்னு நெனச்சு காவல்காரன், நாய், பொறி எல்லாம் தயார் பண்ணி வச்சிருந்தேன், எல்லாம் வேஸ்ட்டு. ஆனா கணக்கு கணக்குதான். பிஷப் வீட்டு வரவுல அந்த மாசம் அந்த ஆலயத்துல இருந்து வந்தது 11 பொன். அப்ப பணம் உள்ள வந்த அன்னைக்கு அதைக் காணிக்கைன்னு யாரும் எழுதல, பின்னாடி சுரண்டி மாத்தியிருக்காங்க. ஆவணம் பேசிருச்சு.

இங்கயும் ஒரு முட்டுக்கட்டை, பொருளாளர் மேல புகார் குடுக்க அதே பதவில இருக்கற குருதான் வேணும்னு வினாக்காரர் கொக்கி போட்டாரு. ஆச்சி அதுக்கு வச்ச பதில் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. புகார்க்காரனே இல்லாம, ஊர்ப்பேச்சு பலமா இருந்தா நீதிபதி தானா விசாரணை தொடங்கலாம்னு அதே 1215 சங்கத்துல ஒரு விதி உண்டு, உன் உலகத்துலயும் அது இருக்கான்னு என்கிட்டயே கேட்டாங்க. இருக்குன்னு எழுதியிருந்தேன். அவ்வளவுதான், மூணு செஷனா சந்தையில போய் பேச்சைக் கிளப்பி விட்டாங்க. ஊர்ப்பேச்சு கிளப்பறதுக்கு எங்க டேபிளுக்கு யாரும் டியூஷன் எடுக்க வேண்டியதில்ல, ஆச்சிமார் ரெண்டு பேர் பணியாரம் சுடற எடத்துல உக்காந்தா போதும்.

பிஷப் விசாரணையைத் திறந்ததும் முடிச்சு அவுந்துச்சு. பொருளாளர் ஆலயப் பணத்தை உப்புக் கப்பல்ல போட்டு நஷ்டப்பட்டவரு. வியாபாரி 900 குடுத்துட்டுப் போன அன்னைக்கு ராத்திரியே, மந்திரம் தெரிஞ்ச கணக்குப்பிள்ளை ஒருத்தனை வச்சு தன் ஞாபகத்தைத் தானே மாத்திக்கிட்டாரு. மாடிஃபை மெமரி, கடைசி 24 மணி நேரத்துக்குள்ள நடந்ததுல 10 நிமிஷம் வரைக்கும் அழிக்கலாம், மாத்தி எழுதலாம். அந்தப் பத்து நிமிஷம்தான் அவரு சீட்டு எழுதிக் குடுத்த நேரம். அப்புறம் வட்டத்துல நின்னு அவரு சொன்னது அவருக்குச் சத்தியமான உண்மை.

தேவகோட்டை நண்பர் விஷயத்தை இங்க சொல்லியே ஆகணும். அவரு கேரக்டர் ஒரு குரு. ரெண்டாவது செஷன்லயே அந்தக் கணக்குப்பிள்ளை அவர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டான், அதாவது செஞ்ச பாவத்தை ரகசியமா ஒத்துக்கிட்டான், நான் அதைத் தனியா ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தேன். இவருக்கு எல்லாம் தெரியும். மன்றம் இவரையும் வட்டத்துல நிப்பாட்டிக் கேட்டுச்சு. வட்டத்துல பொய்தான் சொல்ல முடியாது, வாயை மூடிக்கிட்டு நிக்கலாம். நின்னாரு, அவமதிப்புன்னு பதவியைப் பறிச்சாங்க, நின்னாரு. பாவசங்கீர்த்தன ரகசியத்தை வெளிய சொல்ற குருவை நீக்கி ஆயுசுக்கும் மடத்துல தவத்துல போடணும்னு 1215லயே விதி இருக்கு, அதை எனக்குச் சொல்லிக் குடுத்ததே இவருதான். இதுல என்னன்னா ஆட்டத்துக்கு வெளிய, டீ குடிக்கறப்பக் கூட, மத்த மூணு பேருக்கும் ஒரு ஜாடை காட்டல மனுஷன். மூணு பேரும் விஷயம் தெரிஞ்சதும் அவரைச் சண்டைக்கு இழுத்தாங்க. அந்த டேபிள்ல நல்லா ஆடுனது யாருன்னா நான் இவரைத்தான் சொல்லுவேன்.

தீர்ப்பு. 900 திருப்பிக் குடுக்கணும். மிரட்டல் ஓலை ரத்து. பொருளாளர் குருங்கறதால வெளி ஆளுங்ககிட்ட ஒப்படைக்கல, பட்டம் பறிச்சு தீவு மடத்துக்கு அனுப்பிட்டாங்க. இந்தச் சலுகையை எதிர்த்துத்தான் 1164ல இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஹென்ரி கிளாரண்டன்ல சட்டம் போட்டு முட்டுனது, கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட் 1170ல சொந்தக் கதீட்ரலுக்குள்ளயே வெட்டுப்பட்டதுக்கும் வேர் அந்தச் சண்டைதான். பொய்ச் சத்தியம் பண்ணாரான்னு ஆச்சிக்கும் எனக்கும் வாக்குவாதம், ஆச்சி பண்ணாருங்கறாங்க, நான் இல்லங்கறேன். வட்டத்துல நின்ன மனுஷனுக்கு அது பொய்ன்னு தெரியாது, குத்தம் நடந்தது ஞாபகத்தை அழிச்ச ராத்திரில. மோசடி உண்டு, பொய்ச் சத்தியம் கிடையாது. பிஷப் நான்தான், என் பேச்சுதான் செல்லும்.

ஆனா நெசமான கலவரம் வட்டிலதான் வந்துச்சு. திருச்சபை வட்டி குடுக்காது, வாங்காதுன்னு தீர்ப்புல எழுதிட்டேன். 1179ல மூணாவது லாத்தரன் சங்கம் வெளிப்படையா வட்டிக்கு விடறவனுக்கு திருச்சபை முறைப்படி அடக்கம் கூடக் கிடையாதுன்னுச்சு, அதை வச்சுத்தான் எழுதுனேன். செட்டிநாட்டுல உக்காந்து இதைப் படிச்சா என்ன ஆகும்? அண்ணே டைஸைக் கீழ வச்சுட்டாரு. "பர்மா வரைக்கும் போய் லேவாதேவி பண்ண ஊர்ல உக்காந்துக்கிட்டு, ஒருத்தன் பணத்தை இத்தனை மாசம் வச்சிருந்துட்டு அசலை மட்டும் குடுப்பேங்கறியே, என்னப்பா நியாயம் இது?" அரை மணி நேரம் ஓடுச்சு. கடைசில வழி காட்டுனது தேவகோட்டை நண்பர், வட்டின்னு கேக்காதீங்கண்ணே, தாமதத்தால வந்த நஷ்டத்துக்கு ஈடுன்னு கேளுங்க, திருச்சபை சட்டக்காரங்களே அதை ஒத்துக்கிட்டிருக்காங்கன்னாரு. அது சரிதான், நடுக்காலத்துல பாதி கடன் அந்த வாசல் வழியாத்தான் போச்சு. பிஷப் ஒத்துக்கிட்டாரு, ஆனா பணம் குடுத்த நாள்ல இருந்து இல்ல, அந்தம்மா திருப்பிக் கேட்டு இவங்க இல்லன்னு சொன்ன நாள்ல இருந்து. 38 பொன் வந்துச்சு. அண்ணே இன்னும் குறைச்சல்னுதான் சொல்லிக்கிட்டிருக்காரு. பொண்ணு கல்யாணம் தேதி மாறாம நடந்துச்சு, அதை ரெண்டு வரில முடிச்சுட்டேன்.

வினாக்காரருக்கு ஒண்ணும் ஆகல. அவரு செப்பம் பண்ண ஒவ்வொரு கேள்வியும் விதிப்படி சரி. அடுத்த கேம்பெய்ன்லயும் அவரு இருப்பாரு. ஒரு விதி மட்டும் மாத்தியிருக்கேன், கேக்கறதுக்கு முன்னாடி கேள்வியை ரெண்டு கட்சிக்கும் படிச்சுக் காட்டணும், ஆச்சி அதை எழுத்துல வாங்கி கையெழுத்தும் வாங்கிட்டாங்க.

பாக்கி நிக்கிறது ரெண்டு பேரு. கணக்குப்பிள்ளை குரு இல்ல, ஆனா வேதத்துல ஒரு அடி படிச்சுக் காட்டுனா குருமார் கணக்குல சேத்துக்குவாங்க. இங்கிலாந்துல 51ஆம் சங்கீதத்தோட ஆரம்பத்தைப் படிச்சுக் காட்டித் தூக்குல இருந்து தப்பிச்சவங்க எத்தனையோ பேரு, எழுத்து தெரியாதவன் கூட அதை மனப்பாடம் பண்ணிட்டு வருவான், ஒரே ஆள் திரும்பத் திரும்ப வரக்கூடாதுன்னு 1489ல இருந்து கட்டைவிரல்ல சூடு போட்டு அனுப்புனாங்க, அந்தச் சலுகை எடுபட்டது 1827லதான். நம்ம கணக்குப்பிள்ளை கடகடன்னு படிச்சுட்டு விரல்ல சூடோட வீட்டுக்குப் போயிட்டான். ஆனா சுரண்டுன ஏட்டைக் கொண்டு போய்க் கொண்டு வந்த படகோட்டி, உள்ள என்ன இருக்குன்னே தெரியாதவன், எழுத்து தெரியாது, விடிஞ்சா பிரபுவோட ஆளுங்ககிட்ட ஒப்படைச்சுருவாங்க. திருச்சபை ரத்தம் சிந்தாது, சிந்தறவன்கிட்ட குடுத்துரும்.

டேபிள் இப்ப சிறைக்குள்ள இருக்கு. பதவி போன தேவகோட்டை குரு பக்கத்து அறைல, ராத்திரி பூரா சுவர் வழியா அந்த அடிகளைச் சொல்லிக் குடுக்கறாரு. படகோட்டிக்கு இன்டெலிஜென்ஸ் 7, உருட்டுனதுல ரெண்டு கழியும், டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 15 வச்சிருக்கேன். ஆச்சி 12ஆக் குறைன்னு மனு போட்டிருக்காங்க, அண்ணே அந்த வியாபாரி பொண்டாட்டிகிட்ட இருந்து 10 பொன் வாங்கிக் காவல்காரனுக்குக் குடுக்கலாமான்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்காரு.